சிம்ப்சன்ஸ் ரசிகர்களுக்கான நூல்கள்: ஸ்பிரிங்ஃபீல்டு முதல் ஈரோடு வரை

தி சிம்ப்சன்ஸ், அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1989 டிசம்பர் 17 முதல் முழுநீளத் தொடராக ஒளிபரப்பாகி வரும் கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர். அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதன்மை நேரக் கதைத் தொடர்களில் மிக நீண்ட காலம் ஓடிவருவது இதுவே. இத்தொடரை விரும்பிப் பார்ப்பவர்கள் அடுத்து வாசிக்கத் தக்க நூல்களை இக்கட்டுரை அறிமுகம் செய்கிறது. தொடரைப் பற்றி எழுதப்பட்ட நூல்களும், தொடரில் வரும் கருத்துகளைப் பின்தொடர்ந்து சென்று வாசிக்க வேண்டிய நூல்களும் இதில் இடம்பெறுகின்றன.

இந்தப் பட்டியலுக்குக் கொங்கு நாட்டோடு மூன்று இடங்களில் தொடர்பு உண்டு. தொடரின் எழுத்தாளர்கள் விரும்பிக் கையாளும் கணிதத்தின் பின்னணியில் ஈரோட்டில் பிறந்த சீனிவாச ராமானுஜன் இருக்கிறார். ஸ்பிரிங்ஃபீல்டு போன்ற ஒரு கற்பனை ஊரை இந்தியாவில் படைத்த ஆர். கே. நாராயணின் வாழ்க்கை கோயம்புத்தூரில் திரும்பியது. தொடரின் இந்தியக் கதாபாத்திரமான அப்புவின் பெயருக்கு மூலமான வங்க நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் தாராபுரம் பகுதியைச் சேர்ந்த ஆர். சண்முகசுந்தரம்.

தொடரைப் பற்றி

தொடரை உருவாக்கியவர் மாட் கிரேனிங். 1987 ஏப்ரல் 19 அன்று ட்ரேசி உல்மன் நிகழ்ச்சியின் இடையே வந்த சிறு படமாக இது தொடங்கியது. ஜேம்ஸ் எல். புரூக்ஸ், சாம் சைமன் ஆகியோருடன் இணைந்து கிரேனிங் இதை அரைமணி நேரத் தொடராக வளர்த்தெடுத்தார். அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோமர், அவர் மனைவி மார்ஜ், 10 வயது மகன் பார்ட், 8 வயது மகள் லிசா, கைக்குழந்தை மேகி ஆகிய ஐவரும் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் வாழ்கிறார்கள். ஹோமர், லிசா, மேகி என்பவை கிரேனிங்கின் சொந்தக் குடும்பத்தினரின் பெயர்கள். அவருடைய தாயின் பெயர் மார்கரெட்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் பார்ட்டுக்கு வயது 10தான். வயது ஏறாத மனிதர்களைக் கொண்டு, மாறிக்கொண்டே இருக்கும் ஒரு சமூகத்தைக் கிண்டல் செய்வதே தொடரின் அடிப்படை உத்தி. பள்ளி, தேவாலயம், காவல்துறை, தொழிற்சாலை, தொலைக்காட்சி என எந்த நிறுவனமும் இதன் கேலிக்குத் தப்புவதில்லை.

தொடர் உருவான விதம் குறித்த நூல்கள்

மைக் ரீஸ் எழுதிய ஸ்பிரிங்ஃபீல்டு கான்ஃபிடென்ஷியல் (2018) தொடரின் தொடக்ககால எழுத்தாளர் ஒருவரின் நினைவுக் குறிப்பு. ஒரு நகைச்சுவை வரி எழுத்தாளர் அறையில் எப்படிப் பிறக்கிறது, எத்தனை முறை திருத்தப்படுகிறது, ஏன் நீக்கப்படுகிறது என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. வாசிக்க எளிதான ஆங்கிலத்தில் அமைந்தது. முதலில் எடுத்துக்கொள்ள ஏற்ற நூல்.

ஜான் ஆர்ட்வெட் எழுதிய சிம்ப்சன்ஸ் வரலாறு (2009) அதற்கு நேர்மாறானது. தொடரில் பணியாற்றிய பலரின் வாய்மொழிகளைத் தொகுத்து, புகழும் பணமும் யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்ற பூசல்களையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. தயாரிப்பு நிறுவனத்தின் ஒப்புதல் பெறாத வரலாறு என்று தன் தலைப்பிலேயே அறிவித்துக்கொள்ளும் நூல் இது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால், ஒரே நிகழ்வை உள்ளிருந்தவர் சொல்வதும் வெளியிலிருந்து விசாரிப்பவர் சொல்வதும் எப்படி வேறுபடுகின்றன என்பது விளங்கும்.

பார்ட்டுக்குக் குரல் கொடுக்கும் நான்சி கார்ட்ரைட் என்ற பெண் கலைஞரின் தன்வரலாறு (2000), குரல் நடிப்பைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர்களுக்குப் பயன்படும். கிறிஸ் டர்னரின் பிளானெட் சிம்ப்சன் (2004), தொடர் ஒரு தலைமுறையின் பேச்சையும் சிந்தனையையும் எப்படி மாற்றியது என்பதை விரிவாக ஆராய்கிறது.

மாட் கிரேனிங்கைப் புரிந்துகொள்ள அவர் 1977 முதல் வரைந்த லைஃப் இன் ஹெல் படக்கதைகளைப் பார்க்க வேண்டும். அவற்றின் தொகுப்புகளில் ஒன்றான ஸ்கூல் இஸ் ஹெல் (1987) பள்ளி வாழ்க்கையைப் பற்றியது. பார்ட் தண்டனையாகக் கரும்பலகையில் எழுதும் காட்சிகளின் மனநிலையை அதில் முன்கூட்டியே காணலாம். 1993 முதல் 2018 வரை போங்கோ காமிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட சிம்ப்சன்ஸ் படக்கதைகளும் சேகரிப்பாளர்களிடம் மதிப்புள்ளவை.

தத்துவமும் சமயமும்

வில்லியம் இர்வின், மார்க் கோனார்ட், இயோன் ஸ்கோபிள் ஆகியோர் தொகுத்த தி சிம்ப்சன்ஸ் அண்டு ஃபிலாசஃபி (2001) தத்துவப் பேராசிரியர்களின் கட்டுரைத் தொகுப்பு. ஹோமரிடம் அரிஸ்டாட்டில் சொல்லும் நற்பண்புகள் உண்டா, பார்ட்டை நீட்சேயின் பார்வையில் எப்படி மதிப்பிடுவது போன்ற கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. தத்துவத்தை முதன்முதலாக அணுகும் கல்லூரி மாணவருக்குத் தெரிந்த கதாபாத்திரங்கள் வழியே தெரியாத சிந்தனைகளை அறிமுகப்படுத்துவது இந்நூலின் பலம்.

மார்க் பின்ஸ்கியின் தி காஸ்பல் அக்கார்டிங் டு தி சிம்ப்சன்ஸ் (2001) தொடரில் சமயம் நடத்தப்படும் விதத்தை ஆராய்கிறது. ஞாயிறுதோறும் தேவாலயம் செல்லும் குடும்பம் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையில் அரிது என்பதை அது சுட்டிக்காட்டுகிறது. தொடர் நம்பிக்கையைக் கேலி செய்வதை விட, நம்பிக்கையின் பெயரால் நடக்கும் பாவனைகளையே அதிகம் கேலி செய்கிறது என்ற எண்ணம் வாசிப்பவருக்கு ஏற்படும்.

கணிதம்: பட்டியலின் மையம்

சிம்ப்சன்ஸ் பற்றிய நூல்களில் மாணவர்கள் தவறவிடக் கூடாதது சைமன் சிங் எழுதிய தி சிம்ப்சன்ஸ் அண்டு தேர் மேத்தமேட்டிக்கல் சீக்ரெட்ஸ் (2013). தொடரின் எழுத்தாளர்களில் பலர் கணிதமும் அறிவியலும் பயின்றவர்கள். அல் ஜீன் ஹார்வர்டில் கணிதம் படித்தவர். டேவிட் எக்ஸ். கோஹன் ஹார்வர்டில் இயற்பியலும் பெர்க்லியில் கணினி அறிவியலும் படித்தவர். கென் கீலர் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஜெஃப் வெஸ்ட்புரூக் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பணியைச் செய்துவிட்டு நகைச்சுவை எழுத வந்தவர். இவர்கள் காட்சிகளின் பின்னணியில் ஒரு நொடி மட்டும் தெரியும்படி கணிதச் செய்திகளை ஒளித்துவைத்தார்கள். வீடியோவை நிறுத்திப் பார்ப்பவருக்கு மட்டுமே அவை புலப்படும்.

இவற்றில் புகழ்பெற்றது ஃபெர்மா சமன்பாடு. xⁿ + yⁿ = zⁿ என்ற சமன்பாட்டுக்கு, n இரண்டுக்கு மேற்பட்டதாக இருந்தால், முழு எண் தீர்வு இல்லை என்பது 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்ன கூற்று. அதை ஆண்ட்ரூ வைல்ஸ் 1994இல் நிறுவி முடித்தார். நிரூபணம் 1995இல் அச்சானது. அதே 1995 அக்டோபரில் ஒளிபரப்பான பகுதியில் ஹோமர் முப்பரிமாண உலகத்துக்குள் விழுகிறார். அவர் பின்னால் இந்த வரி மிதக்கிறது:

1782¹² + 1841¹² = 1922¹²

பத்து இலக்கம் காட்டும் கால்குலேட்டரில் இதைச் சரிபார்த்தால் சரியென்றே தோன்றும். வைல்ஸின் நிரூபணம் தவறா என்று ஒரு கணம் திகைக்க வைப்பதே கோஹனின் குறும்பு. ஆனால் கால்குலேட்டர் இல்லாமலே இது பொய் என்று காட்டிவிடலாம். 1782 இரட்டைப்படை, அதன் எந்த அடுக்கும் இரட்டைப்படை. 1841 ஒற்றைப்படை; அதன் எந்த அடுக்கும் ஒற்றைப்படை. இரண்டின் கூடுதல் ஒற்றைப்படையாகத்தான் இருக்க முடியும். வலப்புறம் இருக்கும் 1922 இரட்டைப்படை. ஆகவே சமன்பாடு பொய்.

1998இல் வந்த மற்றொரு பகுதியில் ஹோமரின் கரும்பலகையில் இன்னும் தேர்ந்த பொய் ஒன்று இடம்பெற்றது:

3987¹² + 4365¹² = 4472¹²

இங்கே இரண்டு ஒற்றைப்படைகள் கூடி இரட்டைப்படை வருகிறது. எனவே முந்தைய சோதனை உதவாது. எண்களின் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 3987இன் இலக்கக் கூட்டல் 27, 4365க்கு 18. இரண்டும் 3ஆல் வகுபடும். ஆகவே இடப்புறம் முழுவதும் 3ஆல் வகுபடும். 4472இன் இலக்கக் கூட்டல் 17; அது 3ஆல் வகுபடாது. சமன்பாடு மீண்டும் பொய். ஆறாம் வகுப்பில் படிக்கும் வகுபடும் தன்மை விதி, பன்னிரண்டாம் அடுக்கில் அமைந்த ஒரு பொய்யைப் பிடித்துவிடுகிறது.

2006இல் வந்த ஒரு பகுதியில் பேஸ்பால் மைதானத்தின் திரையில் பார்வையாளர் எண்ணிக்கையை ஊகிக்குமாறு 8191, 8128, 8208 என மூன்று எண்கள் காட்டப்படுகின்றன. 8191 ஒரு மெர்சன் பகா எண். அதாவது 2இன் 13ஆம் அடுக்கிலிருந்து 1 குறைந்தது. 8128 ஒரு நிறைவெண். தன்னைத் தவிர்த்த தன் வகு எண்களின் கூடுதலுக்குச் சமமானது. 8208இன் ஒவ்வோர் இலக்கத்தையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினால் அதே 8208 கிடைக்கும்: 4096 + 16 + 0 + 4096.

ஈரோட்டுக்காரரின் எண்

சைமன் சிங்கின் நூல் சிம்ப்சன்ஸோடு நிற்பதில்லை. கிரேனிங்கும் கோஹனும் 1999இல் தொடங்கிய ஃபியூச்சராமா என்ற இன்னொரு கார்ட்டூன் தொடருக்கும் அது செல்கிறது. அத்தொடரில் 1729 என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது. பெண்டர் என்ற ரோபோவுக்கு வரும் வாழ்த்து அட்டையில் அது 1729ஆம் மகன் என்று குறிக்கப்படுகிறது. நிம்பஸ் என்ற விண்கலத்தின் பதிவெண்ணில் 1729 இருக்கிறது. இணை உலகங்களைப் பற்றிய பகுதியில் ஓர் உலகத்தின் எண்ணும் 1729.

இந்த எண் புகழ்பெற்றது ராமானுஜனால். ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாயின் பெற்றோர் வீட்டில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் ஈரோடு முன்சீப் நீதிமன்றத்தில் அமீனாகப் பணியாற்றியவர். வளர்ந்ததும் பள்ளிப் படிப்பும் பெரும்பாலும் கும்பகோணத்தில். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். 1914இல் ஹார்டியின் அழைப்பில் கேம்பிரிட்ஜ் சென்றார்.

லண்டன் அருகே பட்னியில் நோயுற்றிருந்த ராமானுஜனைப் பார்க்க ஹார்டி வாடகைக் காரில் வந்தார். காரின் எண் 1729; சுவாரசியம் இல்லாத எண் என்றார் ஹார்டி. அப்படியில்லை, இரண்டு கனங்களின் கூடுதலாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் சொன்னார். 1729 = 1³ + 12³; 1729 = 9³ + 10³.

இதே எண் ஹோமரின் கரும்பலகைக்கும் உறவு. 9³ + 10³ என்பது 12³ஐ விட ஒன்று மட்டும் கூடுதல். அதாவது ஃபெர்மா சமன்பாட்டுக்கு மயிரிழையில் தவறிய தீர்வு அது. 1988இல் நரோசா பதிப்பகம் வெளியிட்ட ராமானுஜனின் தொலைந்த குறிப்பேட்டுத் தொகுப்பில் இத்தகைய எண்கள் ஒரு பக்கத்தில் உள்ளன. 6³ + 8³ = 9³ − 1; 135³ + 138³ = 172³ − 1; 791³ + 812³ = 1010³ − 1. இவ்வாறு ஒன்று மட்டும் பிசகும் எண்களை முடிவின்றி உண்டாக்கும் வழியையும் ராமானுஜன் அங்கே எழுதியிருக்கிறார். கோஹன் கணினி நிரல் எழுதித் தேடிப்பிடித்த வகையான எண்களை, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ராமானுஜன் காகிதத்தில் விளைவித்திருந்தார். கோஹனின் எண்கள் கால்குலேட்டரை ஏமாற்றுவதற்கானவை. ராமானுஜனுடையவை ஒரு முறைமையைச் சேர்ந்தவை. நகைச்சுவையிலிருந்து கணிதத்துக்குச் செல்ல விரும்பும் வாசகர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

வாடகைக் கார் கதைக்கு ஃபியூச்சராமா நேரடியாகவே மரியாதை செய்தது. 2007இல் வந்த அதன் திரைப்படத்தில் ஒரு வாடகைக் காரின் எண் 87539319. இரண்டு கனங்களின் கூடுதலாக மூன்று வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது.

1919இல் இந்தியா திரும்பிய ராமானுஜன் அந்தக் கோடையில் காவிரிக் கரையில் ஈரோட்டுக்கு அருகேயுள்ள கொடுமுடியில் தங்கியிருந்தார். பின்னர் கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் சென்று, 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் இறந்தார்.

ராமானுஜனைப் பற்றி வாசிக்க ராபர்ட் கனிகல் எழுதிய தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி (1991) முதன்மையானது. இது அனந்தத்தை அறிந்தவன் என்ற பெயரில் பி. வாஞ்சிநாதன் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது. ரகமி தமிழிலேயே எழுதிய ராமானுஜன் வாழ்க்கை வரலாறு, அவரை அறிந்தவர்களிடம் நேரில் கேட்டுத் திரட்டிய செய்திகளைக் கொண்டது. ஹார்டியின் எ மேத்தமேட்டிஷியன்ஸ் அபாலஜி (1940) சிறிய நூல். கணிதத்தை அதன் அழகுக்காகச் செய்யும் மனநிலையை விளக்குகிறது. வைல்ஸின் கதையை அறிய சைமன் சிங்கின் ஃபெர்மாஸ் லாஸ்ட் தியரம் (1997) உண்டு.

நாமக்கல், ஈரோடு, கோவை மாவட்டங்களில் கணிதம் பெரும்பாலும் பொறியியல் சேர்க்கைக்கான மதிப்பெண்ணாகவே அறியப்படுகிறது. தேர்வில் தோற்ற ஒருவரின் எண்ணை, பேராசிரியர் பணியை விட்டுவிட்டு வந்தவர்களும் இருந்த ஓர் எழுத்தாளர் வட்டம் கார்ட்டூனுக்குள் வைத்துக் கொண்டாடியது என்ற செய்தி அங்குள்ள மாணவர்களுக்குத் தனிப் பொருள் உடையது.

அப்பு: சர்ச்சையும் மூலமும்

சிம்ப்சன்ஸில் இந்தியர்களைப் பற்றிய சித்திரம் இவ்வளவு மதிப்பானதாக அமையவில்லை. 1990 முதல் வரும் அப்பு நஹாசபீமாபெட்டிலன், ஸ்பிரிங்ஃபீல்டில் சிறு பலசரக்குக் கடை நடத்தும் இந்தியர். அவருக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளை நடிகர். இந்திய உச்சரிப்பை மிகைப்படுத்திப் பேசிய அக்குரல், அமெரிக்காவில் வளர்ந்த இந்தியக் குழந்தைகளைப் பள்ளியில் கேலி செய்யும் கருவியாக மாறியது. நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் தி பிராப்ளம் வித் அப்பு என்ற ஆவணப்படத்தில் இதை விவாதப் பொருளாக்கினார். 2020இல் அசாரியா இனி அப்புவுக்குக் குரல் கொடுப்பதில்லை என்று அறிவித்தார்.

கணிதம் இங்கும் வருகிறது. 1993இல் வந்த ஒரு பகுதியில், பை எண்ணின் 40,000 இலக்கங்களைத் தன்னால் சொல்ல முடியும் என்றும் கடைசி இலக்கம் 1 என்றும் அப்பு சொல்கிறார். அந்த விடை சரியானது. தசமப் புள்ளிக்குப் பின் 40,000ஆவது இலக்கம் 1தான். 1981இல் ராஜன் மகாதேவன் மங்களூரில் 31,811 இலக்கங்களை நினைவிலிருந்து சொல்லி உலக சாதனை படைத்தவர். 1987இல் ஜப்பானின் ஹிதியாகி டோமோயோரி 40,000 இலக்கங்களைச் சொன்னார். அப்புவின் எண் அந்தச் சாதனைக்குச் சமமானது. ஒரே வசனம் ஒரு பக்கம் துல்லியமான கணிதமாகவும், மறுபக்கம் இந்தியர் என்றால் கணக்கும் கடையும் என்ற வார்ப்புருவாகவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பது தொடரை முழுதாகப் புரிந்துகொள்வதாகாது.

இது குறித்து வாசிக்க ஷில்பா டாவேயின் இந்தியன் ஆக்சென்ட்ஸ் (2013) ஏற்றது. அமெரிக்கத் திரையிலும் தொலைக்காட்சியிலும் இந்திய உச்சரிப்பு எப்படி ஒரு முகமூடியாகப் பயன்படுத்தப்பட்டது என்பதை ஆராயும் இந்நூல் அப்புவையும் விரிவாகப் பேசுகிறது. விஜய் பிரசாத்தின் தி கர்மா ஆஃப் பிரவுன் ஃபோக் (2000) அமெரிக்காவில் தெற்காசியர்கள் ‘நல்ல சிறுபான்மையினர்’ ஆக்கப்பட்டதன் அரசியலை விளக்குகிறது.

அப்பு என்ற பெயர் சத்யஜித் ராயின் அப்பு திரைப்படங்களிலிருந்து எடுக்கப்பட்டது. அவற்றில் முதலாவதான பதேர் பாஞ்சாலி (1955) விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய, 1929இல் நூலான வங்க நாவலைத் தழுவியது. இந்நாவலைத் தமிழில் மொழிபெயர்த்தவர் ஆர். சண்முகசுந்தரம் (1917–1977). தாராபுரம் அருகேயுள்ள கீரனூரில் பிறந்த இவர், 1942இல் வெளியான நாகம்மாள் நாவலின் ஆசிரியர். கொங்குக் கிராமத்தின் நிலத் தகராறையும் பேச்சையும் நாவலுக்குள் கொண்டுவந்த முன்னோடி. வங்கக் கிராமத்து ஏழைச் சிறுவன் அப்புவின் கதை, கொங்குக் கிராமத்தை எழுதிய ஒருவரின் தமிழில் வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டின் கடைக்காரரை அறிந்தவர்கள் அந்தப் பெயரின் மூலத்தைத் தமிழிலேயே வாசிக்க முடியும். கேலிச்சித்திரமாகத் தேய்ந்த பெயருக்குப் பின்னால் இருக்கும் முழு மனிதனை அங்கே காணலாம்.

கற்பனை ஊர்: ஸ்பிரிங்ஃபீல்டும் மால்குடியும்

ஸ்பிரிங்ஃபீல்டு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது ரசிகர்களின் ஓயாத வாதம். அமெரிக்காவில் அப்பெயரில் பல ஊர்கள் உண்டு. ஓரிகன் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பெயரை எடுத்ததாகக் கிரேனிங் 2012இல் சொன்னார். ஆனால் தொடருக்குள் ஊரின் இடம் இன்றும் சொல்லப்படவில்லை.

இதே வாதம் ஆர். கே. நாராயணின் மால்குடி குறித்தும் உண்டு. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் காடு, மிஷன் பள்ளி, கல்லூரி, புதிதாக விரியும் குடியிருப்புகள் ஆகிய அடையாளங்களைக் கொண்டு, மால்குடி கோயம்புத்தூரே என்று கருதுவோர் உண்டு. மைசூர் என்போரும் உண்டு. அது எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர் என்பதே நாராயணின் நிலைப்பாடு.

கோயம்புத்தூருக்கும் நாராயணுக்கும் உள்ள தொடர்பு ஊகம் மட்டும் அல்ல. 1933 ஜூலையில் அக்காவுடன் கோயம்புத்தூர் வந்த அவர், தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ராஜத்தைக் கண்டு விரும்பினார். ஜாதகம் பொருந்தவில்லை என்ற எதிர்ப்பைக் கடந்து இருவரும் மணந்துகொண்டார்கள். 1939இல் ராஜம் டைஃபாய்டு காய்ச்சலால் இறந்தார். இந்த வாழ்க்கையை நாராயண் மை டேஸ் (1974) தன்வரலாற்றிலும், தி இங்கிலீஷ் டீச்சர் (1945) நாவலிலும் எழுதியிருக்கிறார்.

சிம்ப்சன்ஸ் ரசிகர்கள் தொடங்க வேண்டிய மால்குடி நூல் சுவாமி அண்டு ஃப்ரெண்ட்ஸ் (1935). கிரஹாம் கிரீனின் பரிந்துரையால் லண்டனில் வெளியானது. பார்ட்டைப் போலவே சுவாமியும் பத்து வயதையொட்டிய சிறுவன். தலைமையாசிரியரிடம் பிரம்படி, நண்பர்களின் கிரிக்கெட் குழு, வீட்டை விட்டு ஓடிக் காட்டில் வழி தவறுதல் என அவன் உலகம் பார்ட்டின் உலகத்துக்கு நெருக்கமானது. வேறுபாடும் உண்டு. பார்ட் அடுத்த வாரம் புதிதாகத் தொடங்குவான். சுவாமி நண்பனை நிரந்தரமாகப் பிரிகிறான். பேராசையைக் கேலி செய்யும் பகுதிகளை விரும்புவோருக்கு தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட் (1952) ஏற்றது. கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து கடன் யோசனை சொல்லும் மார்கய்யா அதன் நாயகன்.

தமிழில் அங்கதம்

அதிகாரத்தைக் கேலி செய்யும் எழுத்தைத் தமிழில் தேடுபவர்கள் பெருமாள்முருகனின் பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை (2016) நாவலை வாசிக்கலாம். திருச்செங்கோடு பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகன், மாதொருபாகன் நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் எழுத்தை நிறுத்துவதாக அறிவித்தவர். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் எழுதும் உரிமைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அதன் பின் வந்த பூனாச்சியில், ஆட்டுக்குட்டிக்கும் காது குத்தி அடையாளம் இடும் அரசு ஒன்று வருகிறது. வரிசையில் நிற்கும் மக்கள் கேள்வி கேட்க அஞ்சுகிறார்கள். மனிதர்களைப் பற்றி எழுத முடியாத நிலையில் விலங்கின் கதை வழியே சொல்வது, கார்ட்டூன் வழியே சொல்வதற்கு இணையான உத்தி. ஆனால் பூனாச்சியில் சிரிப்பு குறைவு, துயரமே மிகுதி. மரபான நம்பிக்கைகளோடு விளையாடும் கதையை விரும்புவோர் புதுமைப்பித்தனின் கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் சிறுகதையை எடுத்துக்கொள்ளலாம்.

சொற்களின் மேல் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு நூலும் உண்டு. ஹோமர் தவறு செய்யும்போதெல்லாம் எழுப்பும் ‘டோ’ என்ற ஒலி 2001இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் சேர்க்கப்பட்டது. பேச்சில் மட்டும் வாழும் சொல்லும் அகராதிக்கு உரியதே என்ற கொள்கையின்படி தமிழில் செய்யப்பட்ட பணி, பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி (2000). கோவைக் குசும்பு என்று ஊரார் பெருமையோடு சொல்லும் நகைச்சுவை, மரியாதை குறையாத ‘ங்க’ விகுதியோடு ஆளைக் கவிழ்க்கும் வகையைச் சேர்ந்தது. அந்தப் பேச்சின் சொற்களைப் புரிந்துகொள்ள இவ்வகராதி உதவும்.

வாசிப்பு வரிசை

பள்ளி மாணவர்கள் சுவாமி அண்டு ஃப்ரெண்ட்ஸ், ரகமியின் ராமானுஜன் வரலாறு, சைமன் சிங்கின் சிம்ப்சன்ஸ் நூல் என்ற வரிசையில் தொடங்கலாம். சிங்கின் நூலில் கடினமான கணிதப் பகுதிகள் பின்னிணைப்புகளாகத் தனியே உள்ளன. அவற்றைப் பிறகு படிக்கலாம்.

கல்லூரி மாணவர்கள் கணித விருப்பம் உடையவர்களானால் அனந்தத்தை அறிந்தவன், ஃபெர்மாஸ் லாஸ்ட் தியரம், ஹார்டியின் நூல் ஆகியவற்றுக்குச் செல்லலாம். இலக்கியமும் சமூகமும் படிப்பவர்கள் பதேர் பாஞ்சாலியின் தமிழாக்கம், நாகம்மாள், இந்தியன் ஆக்சென்ட்ஸ், பூனாச்சி என்று செல்லலாம். எழுத்தை, குறிப்பாக நகைச்சுவை எழுத்தை, தொழிலாகக் கொள்ள நினைப்பவர்களுக்கு மைக் ரீஸ், ஜான் ஆர்ட்வெட் இருவரின் நூல்களும் அவசியம்.

தமிழ் நூல்களைப் பெற, மக்கள் சிந்தனைப் பேரவை ஆகஸ்டு மாதங்களில் நடத்திவரும் ஈரோடு புத்தகத் திருவிழாவும், கொடிசியா வளாகத்தில் நடைபெறும் கோயம்புத்தூர் புத்தகத் திருவிழாவும் நல்ல வாய்ப்புகள். ஆங்கில நூல்களில் சிலவற்றுக்கு மின்னூல் வடிவமும் உண்டு.